‘எல்லோருக்கும் நன்றி’ போதாது

வெளியாரின் உதவியை விரித்து எழுதினால் மாணவர்களின் உழைப்பு சிறுத்துத் தெரியும். செயற்கை உயிரியல் போட்டிக்குப் போகும் அணிகளிடையே இந்த நம்பிக்கை ஆழமாக ஊன்றியிருக்கிறது. வழிகாட்டும் பேராசிரியர்களிலும் பலர் இதையே சொல்லிக்கொடுக்கிறார்கள். அதன் விளைவைப் பல அணிகளின் அறிக்கைகளில் பார்க்கலாம். மாதக்கணக்கான வேலையின் முடிவில், கடைசி இரவில் அவசரமாக எழுதிய நான்கு வரி: பேராசிரியருக்கு நன்றி, துறைக்கு நன்றி, நண்பர்களுக்கு நன்றி, உதவிய எல்லோருக்கும் நன்றி. யார் எதைச் செய்தார் என்பது மட்டும் அதில் இருக்காது. மாணவர்களின் நன்மைக்கு என்று சொல்லிச் செய்யும் இந்தக் காரியம் முதலில் கெடுப்பது மாணவர்களைத்தான் என்பது என் வாதம்.

ஐஜெம் என்று அழைக்கப்படும் இந்தப் போட்டி 2003 ஜனவரியில் அமெரிக்காவின் எம்ஐடியில் ஒரு வகுப்பாகத் தொடங்கியது. 2004-ல் ஐந்து அணிகள் மோதின. 2012-ல் எம்ஐடியிலிருந்து பிரிந்து தனி அறக்கட்டளை ஆயிற்று. இப்போது உலகெங்கிலுமிருந்து ஆண்டுக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட அணிகள் வருகின்றன. 2022 முதல் இறுதி விழா பாரிஸில் நடக்கிறது. சென்னை ஐஐடி மாணவர்களும் பல ஆண்டுகள் பங்கெடுத்திருக்கிறார்கள். ஒவ்வோர் அணியும் ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, அதைத் தீர்க்கும்படி பாக்டீரியாவிலோ ஈஸ்டிலோ மரபணுக்களைக் கோத்து, செய்தது முழுவதையும் பொதுவில் எழுதிவைக்க வேண்டும். அதில் ஒரு பகுதி கட்டாயம்: மாணவர்கள் செய்தது எது, பிறர் செய்தது எது என்று பிரித்துக் காட்ட வேண்டும். பிறர் என்றால் இடம் தந்த ஆய்வகம், ஆலோசகர்கள், பயிற்றுநர்கள், பண உதவி செய்தவர்கள், கூலிக்கு வலைத்தளம் வடிவமைத்தவர், படம் வரைந்தவர், வணிகச் சேவைகள் எல்லாமும்தான். வெண்கலப் பதக்கத்துக்கே இது ஒரு நிபந்தனை. விதி இவ்வளவு தெளிவாக இருந்தும் எழுதுகிறவர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் ஒரு வாதம் இருக்கிறது.

அதை அதன் முழு வலுவோடு வைக்கிறேன். மாணவர்கள் அனுபவம் குறைந்தவர்கள். உதவியில்லாமல் ஒரு பிளாஸ்மிடை, அதாவது மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் கொண்டுபோகும் டிஎன்ஏ வளையத்தை, கட்டுவதே அவர்களுக்குக் கடினம். எல்லா அணிக்கும் கிடைக்கும் உதவியை ஓர் அணி மட்டும் திறந்து எழுதினால், அது மட்டும் பிறர் தயவில் ஓடிய அணி போலத் தெரியும். யோசனை மாணவர்களுடையது, கண்விழித்த இரவுகள் மாணவர்களுடையவை. கைகொடுத்தவர்களின் பட்டியலை நீட்டினால் அந்த யோசனை பின்னுக்குப் போய்விடும். உதவியவர்களும் பெயருக்காக உதவவில்லை. காசு கொடுத்து வாங்கிய சேவைக்குப் பெயர் எதற்கு? பட்டியலை எங்கே முடிப்பது என்றும் தெரியாது. ஆகவே பொதுவாக ஒரு நன்றி சொல்லிவிட்டு வேலையை முன்னால் வைப்பதே முறை. இதைச் சொல்கிறவர்கள் சோம்பேறிகள் அல்லர். மாணவர்கள் மேல் உண்மையான அக்கறை உள்ளவர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள். அதனால்தான் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒன்று. பங்கைப் பிரித்து எழுதுவதை நன்றி சொல்வது என்று நினைப்பதுதான் அடிப்படைப் பிழை. நன்றி உறவைப் பற்றியது. கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் குற்றமில்லை. பங்குக் கணக்கு நடந்ததைப் பற்றியது. அதில் கூடினாலும் பொய், குறைந்தாலும் பொய்.

ஈயம் கலந்த தண்ணீரைக் கண்டால் பச்சையாக ஒளிரும் பாக்டீரியாவை ஓர் அணி செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். தேவையான டிஎன்ஏ துண்டை ஒரு நிறுவனம் தயாரித்து அனுப்பியது. அதைப் பிளாஸ்மிடில் சேர்த்துக் கொடுத்தது ஆய்வகத்தின் முனைவர் பட்ட மாணவி. கணித மாதிரிக்கான நிரலின் முதல் வடிவம் வேறு துறை ஆசிரியருடையது. அணி மாணவர்கள் என்ன செய்தார்கள்? ஈயத்தைப் பற்றும் புரதம் எது என்று தேடிப் படித்தார்கள். ஈயத்தின் அளவைப் படிப்படியாகக் கூட்டி, தொண்ணூற்றாறு குழித் தட்டுகளில் மூன்று வாரம் ஒளிர்வை அளந்தார்கள். வந்த எண்கள் மாதிரியோடு ஏன் ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடித்தார்கள். அருமையான வேலை. ஆனால் அறிக்கையில் எல்லாவற்றுக்கும் ‘நாங்கள்’ என்றே எழுதிவிட்டார்கள்.

ஆய்வகம் தெரிந்த ஒருவர் அதைப் படித்தால் என்ன நினைப்பார்? இருபது வயதுப் பிள்ளைகள் சில மாதங்களில் இத்தனையையும் தாங்களே செய்திருக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். எதை அவர்கள் செய்யவில்லை என்பது தெரியாது. ஆகவே எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கழித்துக்கொள்வார். கண் எரிய உட்கார்ந்து அளந்த அந்த மூன்று வாரத்திலும் கழிப்பார். உதவியை எழுதியிருந்தால் கழிவு அந்த உதவியோடு நின்றிருக்கும். எழுதாததால் அது மொத்த வேலையிலும் பரவிவிட்டது. உழைப்பைச் சிறுக்கவைத்தது எது, சொன்னதா, சொல்லாததா?

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் தான் கொடுத்தவை, தமக்கை கொடுத்தவை, தேவியர் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை என்று தனித்தனியே கல்லில் வெட்டச் சொன்னான். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்கள் நானூறு பேரின் பெயர்களும் அங்கே இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகள் கழிந்தும் அது ராஜராஜன் கட்டிய கோயில் என்று சொல்ல அந்தப் பிரிவினை யாருக்கும் இடையூறாக இருந்ததில்லை.

இரண்டு. நடுவர்கள் மதிப்பைக் குறைத்துவிடுவார்கள் என்ற பயம் விதியைத் தலைகீழாகப் படிக்கிறது. ஐஜெம் பதக்கங்கள் முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம் என்ற வரிசையில் வருபவை அல்ல. நிபந்தனைகளை நிறைவுசெய்யும் எந்த அணியும் தங்கம் வாங்கலாம். பக்கத்து அணி வாங்கியதால் உங்களுக்கு ஒன்று குறையாது. அங்கே பங்கைப் பிரித்து எழுதுவது பதக்கத்துக்கான தகுதி. அதை மறைத்துப் பதக்கத்தைக் காப்பாற்ற நினைப்பது நுழைவுச்சீட்டைக் கிழித்துவிட்டு வாசலில் நிற்பது போல.

பெரும் பரிசுக்குப் போட்டி உண்டு, அங்கே ஒப்பீடு உண்டு என்று ஒருவர் சொல்லலாம். சரி, அங்கேயே பார்ப்போம். 2009-ல் பெரும் பரிசு வென்றது கேம்பிரிட்ஜ் அணி. ஈ.கோலை பாக்டீரியா வெறும் கண்ணுக்குத் தெரியும் நிறங்களை உண்டாக்கும்படி செய்திருந்தார்கள், ‘ஈ.குரோமி’ என்று பெயர். அந்த அணியோடு அலெக்ஸாண்ட்ரா டெய்சி கின்ஸ்பெர்க், ஜேம்ஸ் கிங் என்ற இரண்டு வடிவமைப்பாளர்கள் சேர்ந்து வேலைசெய்தார்கள். குடலுக்குள் நோயைக் கண்டு நிறம் மாற்றும் பாக்டீரியா வந்தால் மனிதர்களின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து, பல நிற மலத்தின் மாதிரிகளை ஒரு பெட்டியில் அடுக்கிக் காட்டியது அவர்களுடைய வேலை. மரபணுக்களை வைத்து நிறங்களை வரவழைத்தது மாணவர்களுடைய வேலை. ஈ.குரோமியைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர் இரண்டு தரப்பின் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். பரிசு கைநழுவிப் போகவில்லை.

அதே 2009-ல் பெங்களூரிலிருந்து ஓர் அணி போயிற்று. சிருஷ்டி கலை, வடிவமைப்புப் பள்ளியின் மாணவர்கள். மழை விழுந்ததும் எழும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளை ஈ.கோலையைக் கொண்டு உண்டாக்க முனைந்தார்கள். ஓவியமும் வடிவமைப்பும் படிக்கும் பிள்ளைகளுக்கு உயிரியல் ஆய்வகத்தின் இடமும் விஞ்ஞானிகளின் கைப்பழக்கமும் தேவைப்பட்டதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் துணை இருந்தது என்று சொல்லும்போதுதான் கலை மாணவர்கள் பிப்பெட்டைப் பிடித்தார்கள் என்பதன் பொருள் முழுதாக விளங்குகிறது. துணையை மறைத்தால் அந்தக் கதையே நம்பமுடியாததாகிவிடும்.

போட்டி முடிந்த பிறகும் இது தொடர்கிறது. இரண்டு ஆண்டு கழித்து மேற்படிப்புக்கான நேர்காணலில் உட்கார்ந்திருக்கும் மாணவனிடம் கேட்பார்கள்: டிஎன்ஏ துண்டுகளைக் கிப்சன் அசெம்பிளி முறையில் இணைத்ததாக எழுதியிருக்கிறாயே, எத்தனை டிகிரியில் வைத்தாய்? செய்தவன் யோசிக்காமல் ஐம்பது என்பான். பக்கத்தில் நின்று பார்த்தவன் தடுமாறுவான். ‘அந்தப் பகுதியை எங்கள் ஆலோசகர் செய்தார், நான் செய்தது ஒளிர்வு அளவீடு’ என்று எழுதியிருந்தால் கேள்வி அளவீட்டுக்குப் போயிருக்கும். அங்கே அவனை யாரும் அசைக்க முடியாது.

மூன்று. பொதுவான நன்றி போதும் என்பவர்கள் 1953 ஏப்ரல் 25 நேச்சர் இதழை நினைத்துப்பார்க்க வேண்டும். டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவத்தை வாட்சனும் கிரிக்கும் அதில்தான் வெளியிட்டார்கள். கட்டுரையின் கடைசியில் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் வில்கின்ஸ், பிராங்க்லின், அவர்களோடு வேலைசெய்தவர்கள் ஆகியோரின் வெளிவராத முடிவுகளையும் கருத்துகளையும் பொதுவாக அறிந்திருந்தது தங்களுக்கு ஊக்கம் தந்தது என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. மரியாதையான வரி. எதை அறிந்திருந்தார்கள், யார் வழியாக, எவ்வளவு என்பது அதில் இல்லை. ரோசலிண்ட் பிராங்க்லினின் ஆய்வில் எடுத்த ‘படம் 51’ என்ற எக்ஸ்-கதிர்ப் படத்தை, பிராங்க்லினுக்குத் தெரியாமல் வில்கின்ஸ் வாட்சனிடம் காட்டியிருந்தார். பிராங்க்லினின் அளவீடுகள் இருந்த உள்சுற்று அறிக்கை ஒன்றும் கிரிக்கின் கைக்குப் போயிருந்தது. பிராங்க்லின் 1958-ல் முப்பத்தேழு வயதில் இறந்தார். படத்தைப் பார்த்த கதையை வாட்சன் தன் புத்தகத்தில் சொன்னது 1968-ல். படம் எவ்வளவு உதவியது, அளவீடுகள் எவ்வளவு உதவின என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். தெளிவான இரண்டு வாக்கியம் அன்றே எழுதியிருந்தால் இந்த வழக்குக்கு இடமே இருந்திருக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1952 மே மாதம் அந்தப் படத்தை எடுத்த கை ரேமண்ட் காஸ்லிங்குடையது. அவர் பிராங்க்லினின் வழிகாட்டுதலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர். பொதுவான நன்றியில் எல்லோருக்கும் முன்னால் காணாமல்போனவர் அவர். ‘அவர்களோடு வேலைசெய்தவர்கள்’ என்ற சொற்களுக்குள் ஒரு மாணவர் அடங்கிப்போனார். மங்கலான நன்றி மாணவர்களைக் காக்கும் என்று நம்புகிறவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? இன்று ஐஜெம் அணிக்குள்ளும் இதே நடக்கிறது. மேடையில் பேசுகிறவர் தெரிகிறார். தினமும் வந்து பாக்டீரியாவை வளர்த்துவைத்தவர் ‘நாங்கள்’ என்ற சொல்லுக்குள் போய்விடுகிறார்.

நான்கு. காசு கொடுத்துவிட்டோமே என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. கூலி என்பது வேலைக்குக் கொடுப்பது. அதை நான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளும் உரிமைக்குக் கொடுப்பது அன்று. தமிழ்ப் படத்தில் சம்பளம் வாங்காமல் வேலைசெய்தவர் எத்தனை பேர்? ஆனாலும் ஒளிப்பதிவாளர் பெயரும் உதவியாளர்கள் பெயரும் திரையில் ஓடுகின்றன. மரபணுவைத் தயாரித்த நிறுவனமும், வலைப்பக்கத்தை வடிவமைத்த ஆளும், விளக்கப்படம் வரைந்தவரும் அப்படித்தான்.

ஐந்து. உதவியவர்களே கேட்கவில்லையே என்கிறார்கள். கேட்கமாட்டார்கள்தான். கேட்காதவருடைய பெயரைப் பதிவு செய்வதற்காகத்தான் இந்த ஏற்பாடே இருக்கிறது. மாணவர் அணிகள் நாள்தோறும் கையாளும் ஒரு மரபணுவின் கதையைச் சொல்கிறேன்.

செயற்கை உயிரியல் ஆய்வகத்தில் எதையும் அளக்க வேண்டுமென்றால் முதலில் கை நீள்வது ஜிஎஃப்பி என்ற பச்சை ஒளிர் புரதத்துக்குத்தான். ஒரு வகை ஜெல்லி மீனில் இருப்பது. அதன் மரபணுவை முதலில் பிரித்தெடுத்து அதன் வரிசையை 1992-ல் வெளியிட்டவர் டக்ளஸ் பிராஷர். அப்போது அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தில் இருந்தார். ஆய்வைத் தொடரப் பணம் கிடைக்கவில்லை. மரபணுவை மார்ட்டின் சால்ஃபிக்கும் ரோஜர் சியெனுக்கும் அனுப்பிவைத்தார். அவர்கள் அதைக் கொண்டு உயிரணுக்களை ஒளிரவைத்தார்கள். 2008-ல் வேதியியல் நோபல் பரிசு ஒசாமு ஷிமோமுராவுக்கும் அவர்கள் இருவருக்கும் போயிற்று. அந்த நேரத்தில் பிராஷர் அலபாமாவின் ஹன்ட்ஸ்வில் ஊரில் ஒரு கார் விற்பனை நிலையத்தின் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்தி வருத்தப்படுவார்கள். எனக்கு முக்கியம் அடுத்தது. சால்ஃபியும் சியெனும் 1994-ல் தனித்தனியே வெளியிட்ட முக்கியமான கட்டுரைகளில் பிராஷரின் பெயரை ஆசிரியர் வரிசையில் சேர்த்திருந்தார்கள். மரபணுவை அனுப்பியவர்தானே என்று அடிக்குறிப்பில் முடித்திருக்கலாம்; முடிக்கவில்லை. பதினான்கு ஆண்டுகள் கழித்து உலகம் அவரைத் தேடியபோது அந்தப் பெயர் அச்சில் இருந்தது. பரிசு பெற்றவர்கள் அவரை ஸ்டாக்ஹோம் விழாவுக்கு அழைத்துப்போனார்கள். பின்னர் சியெனின் ஆய்வகத்திலேயே அவர் வேலைக்குச் சேர்ந்தார். நடந்த அநீதியை எல்லாம் இது சரிக்கட்டிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் பெயர் அச்சில் இல்லாமல் போயிருந்தால் அவரைத் தேடுவதற்கு ஒரு தொடக்கமே இருந்திருக்காது. கேட்காத மனிதர் அவர். கேட்காமலே எழுதியவர்கள் அவர்கள்.

ஆறு. ‘பேராசிரியரும் ஆய்வகமும் உதவியது தெரிந்ததுதானே.’ யாருக்குத் தெரிந்தது? உள்ளே இருப்பவர்களுக்கு. ஆய்வகத்தில் ஏற்கெனவே வளர்த்துவைத்த பாக்டீரியா வகை, பத்து ஆண்டாகச் செம்மைப்படுத்திய செய்முறை, விடியற்காலையில் ஆட்டோகிளேவ் போட்டுவைத்த உதவியாளர், பிரைமரில் இருந்த பிழையைப் பார்த்த உடனே சொன்ன ஆராய்ச்சி மாணவி: இவை எதுவும் வெளியே இருக்கிறவருக்குத் தெரியாது. சிறு நகரத்துக் கல்லூரி ஒன்றில் ஐந்து மாணவர்கள் கூடி, நாமும் போகலாமா என்று யோசிக்கிறார்கள். வென்ற அணியின் பக்கத்தைத் திறக்கிறார்கள். ஒரு கோடையில் மூன்று மரபணுச் சுற்றுகள், ஒரு மென்பொருள், ஒரு கருவி, கண்ணைப் பறிக்கும் வலைத்தளம், எல்லாம் ‘நாங்கள்’ செய்தது. பதிவுக் கட்டணமே ஆயிரக்கணக்கான டாலர். அதற்கே யாரிடம் போவது என்று தெரியாமல் நிற்கிறவர்கள் அவர்கள். இது நமக்கு முடியாது என்று மூடிவைத்துவிடுவார்கள். அந்த அணிக்குப் பின்னால் இத்தனை பேர், இத்தனை நிறுவனம், இத்தனை ஆண்டுச் சேமிப்பு இருந்தது என்று எழுதியிருந்தால் அவர்கள் சோர்ந்துபோகாமல் கணக்குப் போட்டிருப்பார்கள்: எந்த உதவி நமக்குக் கிடைக்கும், எது கிடைக்காது, எதை விட்டுவிட்டுச் சிறியதாகத் தொடங்கலாம் என்று. மறைத்த உதவி அடுத்தவருக்குத் தப்பான வரைபடத்தைக் கொடுக்கிறது.

வேலையை எடுத்துத் தொடர்கிறவர்களுக்கும் இதே நிலைமை. ஐஜெமின் அடிப்படையே ஒருவர் செய்த மரபணுப் பாகத்தை இன்னொருவர் எடுத்துக்கொள்வது. நீங்கள் வைத்த பாகம் அவர்கள் கையில் வேலைசெய்யவில்லை என்றால் யாரைக் கேட்பார்கள்? அணி கலைந்திருக்கும். பிளாஸ்மிடைக் கட்டியவர் அதே ஆய்வகத்தில்தான் இருப்பார், ஆனால் அவர் பெயர் எங்கும் இருக்காது.

ஏழு. எங்கே முடிப்பது என்ற கேள்வி நியாயமானது. அதை வைத்து ஒன்றுமே எழுதாமல் இருப்பதுதான் நியாயமில்லாதது. டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் செய்தோம் என்பதற்காக டாக் நொதியைத் தரும் வெந்நீர் ஊற்று பாக்டீரியாவைக் கண்டெடுத்தவருக்குப் பங்கு எழுத வேண்டுமா? வேண்டாம். எல்லோருக்கும் கடையில் கிடைக்கும் பொருளை வாங்கினீர்கள் என்று படிக்கிறவர் தானே புரிந்துகொள்வார். இதைச் சொல்லாமல் விட்டால் இந்த மாணவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பற்றிப் படிக்கிறவர் தப்பாக நினைப்பாரா? ஆம் என்றால் எழுத வேண்டும். இந்த ஒரு கேள்வியை ஒவ்வொரு உதவிக்கும் போட்டுப் பார்த்தால் பட்டியல் தானாக அடங்கும். நிரலையோ பத்திகளையோ செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கொண்டு எழுதியிருந்தால் அதற்கும் இதே கேள்விதான். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு 2023-ல் அதற்கு ஒரு நிலை எடுத்தது: பொறுப்பேற்க முடியாததால் அத்தகைய செயலியை ஆசிரியராகப் போடக் கூடாது, பயன்படுத்தியதைச் சொல்லியாக வேண்டும்.

எட்டு. எதிர்த்தரப்பு வலுவாகச் சொல்லியிருக்க வேண்டிய ஒன்று உண்டு. அதை நானே சொல்கிறேன். பங்குப் பக்கம் பெயர் அலங்காரமாகவும் மாறிவிடுகிறது. புகழ்பெற்ற விஞ்ஞானி ஒருவரோடு அரைமணி நேரம் காணொளியில் பேசியிருப்பார்கள். ‘அவருடைய வழிகாட்டுதலில்’ என்று எழுதிவிடுவார்கள். துறைத் தலைவர் ஒருநாளும் ஆய்வகத்துக்கு வந்திருக்கமாட்டார். முதல் பெயர் அவருடையதாக இருக்கும். கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனால் பெரியப்பா வருத்தப்படுவார், அதனால் எல்லோர் பெயரையும் போடுகிறோம். அது விருந்தோம்பல். இங்கே அப்படிப் போட்டால் அது பொய்ச் சாட்சி.

ஆனால் இது என் பக்கத்தைத்தான் வலுப்படுத்துகிறது. செய்யாதவருக்குப் பங்கு கொடுப்பதும் செய்தவருக்குக் கொடுக்காததும் ஒரே பிழையின் இரண்டு வடிவம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: பெயருக்குப் பக்கத்தில் வினைச்சொல் இருக்க வேண்டும். ‘டாக்டர் இன்னாருக்கு நன்றி’ என்றால் எந்தத் தகவலும் இல்லை. ‘டாக்டர் இன்னார் எங்கள் முதல் வடிவமைப்பைப் பார்த்து, ஈயத்தோடு துத்தநாகத்தையும் அந்தப் புரதம் பற்றும் என்று எச்சரித்தார், அதனால் இரண்டாவது வடிவமைப்பை மாற்றினோம்’ என்றால் அவர் செய்ததும் தெரிகிறது, மாணவர்கள் செய்ததும் தெரிகிறது. வினைச்சொல் கிடைக்காத பெயரை நீக்கிவிடலாம். அதே மருத்துவ இதழ் ஆசிரியர் குழு இன்னொன்றையும் சொல்கிறது: நன்றிப் பகுதியில் பெயர் வருகிறவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குவது நல்லது. பெயரைப் பார்ப்பவர்கள் அவர் அந்த முடிவுகளை ஆதரிக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள் என்பது காரணம். அரைமணி நேரம் பேசிய விஞ்ஞானியிடம் ‘வழிகாட்டுதலில்’ என்ற சொல்லைக் காட்டி எத்தனை அணிகள் சம்மதம் கேட்கும்?

வழிகாட்டிகளுக்கு இங்கே தனிப் பொறுப்பு இருக்கிறது. நான் செய்தேன் என்று சொல்வது பெருந்தன்மைக்குக் குறைவு என்று எண்ணி, பல நல்ல ஆசிரியர்கள் தங்கள் பங்கை மாணவர்களிடமே விட்டுவிடுகிறார்கள். மாணவர்கள் மேல் வைத்த அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் விட்டுக்கொடுக்கும் அந்தப் பங்கு மாணவனால் தாங்க முடியாத சுமையாகிறது. நேர்காணலில், அடுத்த ஆய்வகத்தில், தான் செய்யாத ஒன்றைச் செய்தவனாக அவன் நடிக்க வேண்டியிருக்கிறது. தங்கள் பங்கைத் தாங்களே எழுதிக்கொடுத்து, இதைப் போடு என்று சொல்வதுதான் அவர்கள் மாணவனுக்குச் செய்யும் உதவி.

இந்த ஆண்டு அணியில் இருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். பங்குப் பக்கத்தைக் கடைசி இரவுக்கு விடாதீர்கள். ஆய்வகக் குறிப்பேட்டில் தேதி, சோதனை, முடிவு என்று எழுதுகிறீர்கள் அல்லவா, பக்கத்தில் ‘செய்தவர்’ என்று இன்னொரு பத்தி போடுங்கள். பிசிஆர் வைத்தவர், ஜெல் ஓட்டியவர், பிரைமரைத் திருத்தித் தந்தவர், உங்களில் யார், வெளியாரில் யார் என்று அன்றன்றே எழுதுங்கள். வெளியாரைப் பற்றி எழுதிய வாக்கியத்தை அவருக்கே அனுப்பி, சரியா என்று கேட்டுவிட்டு வெளியிடுங்கள். இன்றைக்கே தொடங்குங்கள். போன வாரம் கம்பீட்டன்ட் செல் தயாரித்துக் கொடுத்த அக்காவின் பெயர் இன்னும் உங்களுக்கு நினைவிருக்கும்.